எனோலா ஹோம்ஸுக்கு முன்பே ஒரு கேட் வார்ன்: லிங்கனை ரகசியமாக ரயிலேற்றிய பெண் டிடெக்டிவ் யார்?

நெட்ஃபிளிக்ஸில் 'எனோலா ஹோம்ஸ்' பார்த்தவர்களுக்குப் பாதிப் படத்தில் ஒரு சந்தேகம் தலைகாட்டியிருக்கும். ஷெர்லாக் ஹோம்ஸின் தங்கையாகவே இருக்கட்டும். 1880களின் இங்கிலாந்தில் ஒரு டீன்ஏஜ் பெண் தனியாக லண்டனுக்குப் போய், மாறுவேஷம் போட்டு, துப்பறிவதெல்லாம் நடக்கிற காரியமா? இன்றைக்கு நமக்குப் பிடித்த ஒரு பெண்ணுக்கு அன்றைய கவுனை மாட்டிவிட்டு அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களோ?

நான்சி ஸ்பிரிங்கர் 2006இல் தொடங்கிய நாவல் வரிசையிலிருந்து வந்த படம் அது. ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் கதைகளுக்குத் தனி அலமாரியே உண்டு. பழைய காலம், ஒரு குற்றம், அதைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறுமி. சிறுவர்களுக்கான வரலாற்றுத் துப்பறியும் நாவல்களில் எதை எடுத்தாலும் இதே கேள்வி வரும். இப்படியெல்லாம் நிஜத்தில் ஒருத்தி இருந்திருக்க முடியுமா?

இருந்திருக்கிறார். லண்டனில் இல்லை, அமெரிக்காவின் சிகாகோவில். எனோலாவின் காலத்துக்கு ஏறக்குறைய 30 வருடம் முன்பு, மாதச் சம்பளத்துக்கு. அவர் பெயர் கேட் வார்ன்.

செக்ரட்டரி வேலைக்கு வந்தவர் இல்லை

1856. சிகாகோவில் ஆலன் பிங்கர்டன் என்பவர் ஒரு துப்பறியும் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். தொழில், மரப் பீப்பாய் செய்வது. 1842இல் அமெரிக்காவுக்குக் குடியேறி, பீப்பாய்க்கு மரம் வெட்டப் போன இடத்தில் கள்ளநோட்டுக் கும்பல் ஒன்றின் பதுங்கிடத்தைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, அந்த ருசியில் போலீஸ் வேலைக்குப் போய், பிறகு சொந்தமாகவே கடை விரித்தவர். மூடாத ஒரு கண்தான் அவர் கம்பெனியின் லோகோ. தனியார் துப்பறிவாளரை ஆங்கிலத்தில் 'பிரைவேட் ஐ' என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கும் இந்தக் கண்ணுக்கும் தொடர்பு உண்டு என்பார்கள்.

அந்த ஆபீஸுக்குள் 23 வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நுழைந்தார். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர். எழுத்து வேலைக்கு ஆள் தேடவில்லையே என்று பிங்கர்டன் நினைத்தார். அவரோ, துப்பறியும் வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார்.

பிங்கர்டனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அமெரிக்காவில் அப்போது எந்தப் போலீஸ் துறையிலும் பெண் துப்பறிவாளர் கிடையாது. பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வர இன்னும் 64 வருடம் இருந்தது. வழக்கமில்லையே என்று அவர் இழுத்தபோது, கேட் தன் கணக்கை எடுத்துவைத்தார். ஆண்கள் நுழைய முடியாத வீட்டுக்குள் பெண் நுழையலாம். குற்றவாளியின் மனைவியோடும் காதலியோடும் சிநேகிதமாகலாம். ஆண்களுக்கோ, தங்களை மெச்சிக் கேட்கும் பெண்ணிடம் வாய் நிற்காது. இது போக, பெண்கள் கண்ணில் சின்ன விஷயமும் தப்பாது.

கவனிக்க வேண்டிய இடம் இது. ஆணுக்குச் சமமாக நானும் செய்வேன் என்று அவர் கேட்கவில்லை. உங்கள் ஆட்களால் முடியாத ஒன்று என்னால் முடியும், அதற்குச் சம்பளம் கொடுங்கள் என்பதுதான் அவருடைய வாதம். இன்டர்வியூவுக்குப் போகிற யாரும் கடன் வாங்கிக்கொள்ளலாம். பிங்கர்டன் ஓர் இரவு யோசித்தார். மறுநாள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அமெரிக்காவின் முதல் பெண் துப்பறிவாளர் என்று அவரைச் சொல்வது இதனால்தான். கதைகள்கூட அவருக்குப் பின்னால்தான் வந்தன. பெண் துப்பறிவாளரை நாயகியாக வைத்த ஆரம்பகாலப் பிரிட்டிஷ் புத்தகங்கள் இரண்டும் 1864இல்தான் வெளிவந்தன. அதாவது கற்பனைக்கு எட்டு வருடம் முன்னால் நிஜம் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

40,000 டாலர் எங்கே போனது?

கேட்டின் பெயரை நிலைநாட்டியது ஒரு பணத் திருட்டு.

வங்கியிலிருந்து வங்கிக்குப் பணத்தைத் தட்டிவிடும் வசதி இல்லாத காலம். ரொக்கத்தையே கட்டாகக் கட்டி, பூட்டிய பையில் போட்டு, ரயிலில் ஆள் வைத்து அனுப்புவார்கள். அதற்கென்றே இருந்த கூரியர் கம்பெனிகளில் பெரியது ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ். அலபாமா மாநிலம் மான்ட்கமரியில் இருந்த அதன் கிளையிலிருந்து 1858இல் 10,000 டாலர் மாயமானது. அடுத்த ஜனவரியில் 40,000 டாலர். அன்றைக்கு அமெரிக்க ஜனாதிபதியின் வருடச் சம்பளமே 25,000 டாலர்தான் என்றால் தொகையின் கனம் புரியும்.

கம்பெனிக்குச் சந்தேகம் கிளை மேனேஜர் நேத்தன் மரோனி மீது. ஊருக்கோ அவர் நல்ல மனிதர். கைது செய்தாலும் ஊரே அவர் பக்கம் நின்றது. பணம் கையில் சிக்காமல் கேஸ் நிற்காது. பணம் எங்கே என்று தெரிந்தது இரண்டு பேருக்கு: மரோனி, அவர் மனைவி.

பிங்கர்டன் இரண்டு பக்கமும் வலை விரித்தார். மரோனி நியூயார்க்கில் சிறையில் இருந்தபோது, கைதி வேஷத்தில் ஓர் ஆளை உள்ளே அனுப்பினார். மனைவி பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் ஜென்கின்டவுன் என்ற சிற்றூரில் உறவினர்களோடு தங்கியிருந்தார். அங்கே போனவர் கேட், மேடம் இம்பெர்ட் என்ற பெயரில். பணக்காரத் தோரணை, முகத்தில் ஒரு சோகம்.

மேடம் இம்பெர்ட்டுக்கு ஒரு பின்கதை தயாராக இருந்தது. கணவர் கள்ளக் கையெழுத்துக் குற்றத்தில் சிறையில் இருக்கிறார் என்பது. இதைச் சட்டென்று சொல்லிவிடவில்லை. திருமதி மரோனியாகவே பழகி, நெருங்கி, தன் கதையைச் சொல்லும்வரை காத்திருந்தார். அவர் புருஷனும் ஜெயிலில், இவர் புருஷனும் ஜெயிலில். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? சேர்ந்து நடை போனார்கள், சேர்ந்து அழுதார்கள். இது ஒரு நாள் இரண்டு நாள் வேலை இல்லை. மாதக்கணக்கில் போனது.

சிறைக்குள் மரோனி தன் புதுக் கூட்டாளியை முழுசாக நம்பிவிட்டார். பணத்தை அவனிடம் கொடுத்தால் வெளியே வர வழி செய்வான் என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். மனைவிக்கு மனசு கேட்கவில்லை. முன்பின் தெரியாதவனிடம் அவ்வளவு பணத்தையா? யாரிடம் யோசனை கேட்டார்? மேடம் இம்பெர்ட்டிடம். கணவர் சொல்கிறபடி செய்வதுதான் சரி என்று மேடம் இம்பெர்ட் நிதானமாக அறிவுரை சொன்னார். உறவினர் வீட்டு நிலவறையில் புதைத்திருந்த பணம் தோண்டி எடுக்கப்பட்டு, நேராகப் பிங்கர்டன் ஆட்களின் கைக்கு வந்து சேர்ந்தது. 40,000இல் 485 டாலர் மட்டும் குறைந்தது.

மான்ட்கமரி கோர்ட்டில், தன்னோடு சிறையில் இருந்த நண்பன் சாட்சிக் கூண்டில் ஏறுவதைப் பார்த்ததும் மரோனி குற்றத்தை ஒப்புக்கொண்டார். 10 வருடம் சிறை.

படிக்கும்போது த்ரில்லாகத்தான் இருக்கிறது. ஆனால் திருமதி மரோனியின் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். அவருடைய கஷ்டகாலத்தில் கிடைத்த ஒரே தோழி, சம்பளத்துக்கு அழுத தோழி. கேட்டின் திறமை முழுக்க இதில்தான் இருந்தது. துப்பாக்கியோ பூதக்கண்ணாடியோ இல்லை, நம்பிக்கையைச் சம்பாதிப்பது. சிறுவர் நாவல்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் மென்மையாகவே கடந்துபோகின்றன.

வேறொரு வழக்கில் அவர் லூசில் என்ற குறிசொல்லும் பெண்ணாக மாறினார். கொலைச் சதியில் சம்பந்தப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண் ஒருத்தி குறி கேட்க வர, முன்கூட்டியே சேகரித்த தகவல்களை வைத்து அவருடைய கடந்தகாலத்தைப் புட்டுப்புட்டு வைத்து, பயந்துபோனவரிடமிருந்து மிச்சத்தைக் கறந்துவிட்டார். குறிசொல்லத் தேவையானது கிரகபலன் இல்லை, முன்தயாரிப்பு என்று அன்றே நிரூபித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிங்கர்டன் பெண் துப்பறிவாளர்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி, அதைக் கேட்டிடம் ஒப்படைத்தார். புதிதாகச் சேரும் பெண்களைப் பழக்குவது அவர் பொறுப்பு.

பால்டிமோரில் காத்திருந்த கத்தி

கேட் வார்ன் என்று தேடினால் முதலில் வருவது லிங்கன் கதைதான். அதற்கு முன், அந்த நேரத்து அரசியலை இரண்டு வரியில் பார்த்துவிடலாம்.

1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்வானார். அடிமை முறை பரவுவதை எதிர்த்தவர் என்பதால் தென்மாநிலங்கள் கொதித்தன. 1861 பிப்ரவரி தொடங்கும்போது ஏழு மாநிலங்கள் நாட்டைவிட்டே விலகியிருந்தன. பிப்ரவரி 11 அன்று லிங்கன் தன் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலில் கிளம்பினார். வழியெல்லாம் நின்று மக்களைச் சந்தித்துக்கொண்டே போகும் பயணம். எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பேப்பரில் அச்சாகியிருந்தது. மார்ச் 4 பதவியேற்பு.

சிக்கல், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர். வாஷிங்டனுக்குள் போக அந்த ஊரைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அடிமை முறை இருந்த மாநிலம். தேர்தலில் லிங்கனுக்கு அங்கே 100க்கு 3 ஓட்டுகூட விழவில்லை. அதைவிட மோசம், அந்த ஊர் ரயில் நிலையங்களின் அமைப்பு. வடக்கிலிருந்து வரும் ரயில் ஒரு ஸ்டேஷனில் நிற்கும். வாஷிங்டன் ரயில் வேறொரு ஸ்டேஷனிலிருந்து கிளம்பும். நடுவில் தெருவழியாகத்தான் போகவேண்டும்.

பிலடெல்பியாவிலிருந்து பால்டிமோருக்கு ரயில் ஓட்டிய கம்பெனியின் தலைவர் சாமுவேல் ஃபெல்டன், தன் பாலங்களைப் பிரிவினைவாதிகள் தகர்க்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு பிங்கர்டனை அழைத்தார். ரயில் பாதையைக் காக்கத்தான் பிங்கர்டன் குழு பால்டிமோருக்குப் போனது. அங்கே காதில் விழுந்ததோ வேறு.

பிங்கர்டன் ஒரு பங்குத் தரகராக ஆபீஸ் போட்டார். கேட், அலபாமாவிலிருந்து வந்திருக்கும் பணக்காரச் சீமாட்டி ஆனார். திருமதி செர்ரி, திருமதி பார்லி என்று இடத்துக்கு ஒரு பெயர். தென்மாநிலத்து இழுவைப் பேச்சு. மார்பில், பிரிவினை ஆதரவாளர்கள் குத்திக்கொள்ளும் ரிப்பன் பூ. ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் வழக்கு அலபாமா சம்பந்தப்பட்டது என்பதால் அந்த ஊர்ப் பேச்சு அவருக்குப் புதிதில்லை. பால்டிமோர் பெரிய வீட்டுப் பெண்கள் மத்தியில் உட்கார்ந்து, அவர்கள் கணவர்களும் அண்ணன் தம்பிகளும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதி அனுப்பினார். இன்டர்வியூவில் சொன்ன அதே வேலை.

ஆண் ஒற்றர்கள் வேறு பக்கத்தில் இருந்தார்கள். நகரின் பெரிய ஹோட்டலில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த சிப்ரியானோ ஃபெர்ராண்டினி என்ற கார்சிகா தீவுக்காரர்தான் சதியின் மையம் என்று பிங்கர்டன் முடிவுக்கு வந்தார். திட்டம் இதுதான்: பிப்ரவரி 23 மதியம் லிங்கன் ஸ்டேஷனின் குறுகலான வாசல் வழியாக வெளியே வரும்போது, கொஞ்சம் தள்ளி ஒரு போலிச் சண்டை. இருக்கும் சொற்பப் போலீஸ்காரர்களும் அங்கே ஓடுவார்கள். அந்த நெரிசலில் காரியத்தை முடிப்பது. யார் முடிப்பது என்பதற்கு இருட்டறையில் சீட்டுக் குலுக்கல். சிவப்புச் சீட்டு எடுத்தவர் கொலையாளி. ஒரே ஒரு சிவப்புச் சீட்டுதான் என்று எல்லோரும் நினைத்திருக்க, கைநழுவிப் போகாமலிருக்க எட்டுச் சீட்டுகளைச் சிவப்பாக வைத்திருந்தார்களாம்.

லிங்கனுக்கு எச்சரிக்கை போகவேண்டும். தந்தியை நம்ப முடியாது. கேட் இரவு ரயிலில் கிளம்பி பிப்ரவரி 19 விடியற்காலையில் நியூயார்க் சேர்ந்தார். லிங்கன் குழு தங்கவிருந்த ஆஸ்டர் ஹவுஸ் ஹோட்டலிலேயே அறை எடுத்து, லிங்கனின் நெருங்கிய சகா நார்மன் ஜட்டைத் தனியாக வரவழைத்துக் கடிதத்தைக் கொடுத்தார். பதறிப்போன ஜட் முழு விவரமும் கேட்டு நச்சரித்தார். கேட் வாயைத் திறக்கவில்லை. மிச்சத்தைப் பிங்கர்டன் நேரில் சொல்வார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

21ஆம் தேதி இரவு பிலடெல்பியாவில் பிங்கர்டன் லிங்கனிடம் எல்லாவற்றையும் சொன்னார். லிங்கன் உடனே நம்பிவிடவில்லை. அதே இரவில், பிங்கர்டனோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வழியில், வாஷிங்டனிலிருந்து வில்லியம் சீவர்டின் மகன் இதே எச்சரிக்கையோடு வந்து சேர்ந்தார். இரண்டு தனித்தனி வாய்கள் ஒன்றையே சொன்ன பிறகுதான் லிங்கன் இறங்கி வந்தார். ஒரு நிபந்தனையோடு: மறுநாள் பிலடெல்பியாவில் கொடியேற்றமும் ஹாரிஸ்பர்க் கூட்டமும் நடந்தே தீரும்.

நோயாளித் தம்பிக்கு ஒரு படுக்கை

பிப்ரவரி 22 இரவு. ஹாரிஸ்பர்க்கில் விருந்தின் நடுவே லிங்கன் எழுந்தார். வழக்கமான உயரத் தொப்பி இல்லை. மென்மையான கம்பளித் தொப்பி, தோளில் சால்வை. கூட வந்தவர் ஒரே ஒருவர், ஆயுதங்களோடு வார்டு ஹில் லாமன். தனி ரயில் அவரைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தது. ஹாரிஸ்பர்க்கிலிருந்து சேதி வெளியே போகாதபடி தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டிருந்தன.

பிலடெல்பியாவில் கேட்டின் முறை. இரவு 10.50 ரயிலில், தூங்கும் வசதியுள்ள பெட்டியின் பின்பகுதியை அவர் முன்கூட்டியே பிடித்துவைத்திருந்தார். உடம்பு சரியில்லாத தம்பி வருகிறார், கூட்டத்தில் நடக்க முடியாது, பின்வாசல் திறந்திருக்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு முக்கியமான பார்சல் வரும்வரை ரயிலை எடுக்கக்கூடாது என்று ஃபெல்டன் உத்தரவு போட்டிருந்தார். பார்சலுக்குள் இருந்தவை வெறும் பழைய காகிதங்கள். லிங்கன் வந்து ஏறுவதற்கான நேரத்தை வாங்கத்தான் இந்த ஏற்பாடு.

அந்த நெட்டை மனிதருக்குப் படுக்கை பத்தவில்லை. காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். யாரும் சரியாகத் தூங்கவில்லை. பிங்கர்டன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். விடிகாலை 3.30க்கு பால்டிமோர். ஊருக்குள் இன்ஜின் ஓடக்கூடாது என்பது அங்கே விதி. பெட்டிகளைக் குதிரைகள் இழுத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷனிலிருந்து மற்றொன்றுக்குப் போயின. ஜனாதிபதியாகப்போகிறவர் தங்கள் தெரு வழியே போவது தெரியாமல் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. கேட் பால்டிமோரிலேயே இறங்கிக்கொண்டார், அங்கே இன்னும் வேலை பாக்கி. காலை ஆறு மணிக்கு லிங்கன் வாஷிங்டனில்.

பிறகு நடந்தது கேலி. தலைமைப் பதவிக்கு வருபவர் திருடன் மாதிரி ராத்திரியில் பதுங்கி வந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. ஸ்காட்லாந்துக் குல்லாவும் நீள அங்கியும் மாட்டி ஓடுகிற மாதிரி கார்ட்டூன் போட்டார்கள். லிங்கனே பின்னாளில் வருத்தப்பட்டார். சதிக்காக யார் மீதும் வழக்குப் பதியப்படவில்லை. அதனால் நிஜமாகவே கொலைச் சதி இருந்ததா, பிங்கர்டன் ஊதிப் பெருக்கினாரா என்ற சண்டை வரலாற்றாசிரியர்களிடையே அன்றிலிருந்தே உண்டு.

ஒன்றை மட்டும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எட்டே வாரத்தில், ஏப்ரல் 19 அன்று, மசாசூசெட்ஸ் படைப்பிரிவு ஒன்று அதே ஊரில் ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போகும்போது கும்பல் தாக்கியது. நான்கு ராணுவ வீரர்களும் பன்னிரண்டு பொதுமக்களும் செத்தார்கள். ஊர்வலமாக ஒருவர் அந்தத் தெருவைக் கடப்பது எவ்வளவு ஆபத்து என்று கேட் கேட்டு எழுதியது வீண் பயம் இல்லை.

கொஞ்ச வருடம்தான்

உள்நாட்டுப் போர் வந்தது. பிங்கர்டன் வடக்குப் படையின் ஜெனரல் மெக்லெல்லனுக்கு உளவு வேலை பார்த்தார், கேட்டும் கூடவே. இந்த வேலையின் விலை என்ன என்பது அந்தக் குழுவுக்கு அப்போது தெரிந்தது. பால்டிமோரில் கூட வேலை செய்த திமொத்தி வெப்ஸ்டர் தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் மாட்டிக்கொண்டு 1862 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவர் மனைவியாக நடித்த ஹாட்டி லாட்டன் சிறைக்குப் போனார்.

போருக்குப் பிறகு கேட் மறுபடி வழக்குகளுக்குத் திரும்பினார். 1868 ஜனவரி 28 அன்று சிகாகோவில் நுரையீரல் நோயால் இறந்தார். வயது 35ஐ ஒட்டி. துப்பறிவாளராக மொத்தமே பன்னிரண்டு வருடத்துக்கும் குறைவு. பிங்கர்டன் குடும்பத்துக்கென்று கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் வாங்கியிருந்த இடத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

முதலாளி தன் குடும்ப இடத்தில் புதைத்தார் என்பதை வைத்து இருவருக்கும் காதல் என்று சிலர் எழுதிவிட்டார்கள். ஆதாரம் எதுவும் கிடையாது. ஓர் ஆண் துப்பறிவாளரை அங்கே புதைத்திருந்தால் விசுவாசம் என்று சொல்லியிருப்பார்கள். கேட் இருந்தவரைக்கும், போன பிறகும் பிங்கர்டன் பெண்களை வேலைக்கு வைப்பதை விடவில்லை. கம்பெனிக்கு வாரிசான மகன்களில் ராபர்ட்டுக்கு அது பிடிக்கவே இல்லை. அரசாங்கப் போலீஸ் இன்னும் மெதுவாகத்தான் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் சேர்ந்தது 1910இல். லண்டன் மாநகரப் போலீஸில் பெண்கள் ரோந்து வந்தது 1919இல்.

எரிந்துபோன ஃபைல்கள்

1871 அக்டோபரில் சிகாகோவின் பெரும் தீ விபத்தில் நகரின் நடுப்பகுதியே சாம்பலானது. பிங்கர்டன் ஆபீஸும் அதன் ஆவணங்களும் அதில் போயின. கேட் எழுதிய ரிப்போர்ட்டுகளில் பெரும்பகுதி அப்படித்தான் தொலைந்தது. பால்டிமோர் வழக்கின் குறிப்புகள் வேறு கைகளில் நகலாகப் பிழைத்ததால் அந்தக் கதை மட்டும் கொஞ்சம் உறுதியாக நிற்கிறது.

மற்றதற்கெல்லாம் நமக்கு இருப்பது பிங்கர்டன் 1874லிருந்து வெளியிட்ட புத்தகங்கள். அவை கம்பெனிக்கு விளம்பரமும்கூட. வசனங்கள், திருப்பங்கள், சாமர்த்தியங்கள் எல்லாம் நாவல் மாதிரியே இருக்கும். மேலே படித்த இன்டர்வியூவும் மேடம் இம்பெர்ட்டும் லூசிலும் அந்தப் புத்தகங்கள் வழியாக வந்தவர்கள்தான். கேட் தன் கையால் எழுதிய வாழ்க்கைக் கதை கிடையாது. ஒரு பெண்ணின் மொத்த கரியரும் அவருடைய முதலாளி எழுதிய பாராட்டுக் கடிதமாக மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும்? அதுதான் கேட் வார்னின் வரலாறு.

கூகுளில் தேடினால் வரும் படங்களையும் அப்படியே நம்பவேண்டாம். போர் முகாமில் பிங்கர்டனுக்குப் பின்னால் நிற்கும் ஒல்லியான இளைஞனைக் காட்டி, ஆண் வேஷத்தில் இருப்பது கேட்தான் என்று பகிர்கிறார்கள். அதை நிரூபிக்க ஒன்றுமில்லை.

இந்த ஓட்டைகளில்தான் சிறுவர் நாவல் நுழைகிறது. கேட் ஹானிகன் 2015இல் எழுதிய 'தி டிடெக்டிவ்ஸ் அசிஸ்டென்ட்' இதற்கு நல்ல உதாரணம். 1859இல், பெற்றோரை இழந்த 11 வயது நெல், கேட்டின் கணவர் வழி உறவு என்ற ஒரே உரிமையோடு சிகாகோவில் வந்து இறங்குகிறாள். குழந்தை வளர்ப்பில் துளியும் ஆர்வமில்லாத கேட், வேறு வழியில்லாமல் அவளைத் தன் வேலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. மரோனி வழக்கு வருகிறது, பால்டிமோர் ரயில் வருகிறது. கனடாவுக்குத் தப்பிப்போன கறுப்பினத் தோழியோடு நெல் நடத்தும் கடிதப் போக்குவரத்து வழியாக அடிமை முறையும் வருகிறது. நெல் முழுக்கக் கற்பனை. சந்தேகப்படும்படி இருப்பது நெல் என்ற சிறுமி இருந்தாளா என்பதுதானே தவிர, அவள் சித்தரிப்பில் வரும் மாறுவேஷமோ, போலிப் பெயரோ, குறிசொல்லும் கூடாரமோ இல்லை.

எனோலா இரண்டாம் படத்திலும் இதே உத்திதான். அதில் வரும் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தம் 1888இல் லண்டனில் நிஜமாகவே நடந்தது. சாரா சாப்மன் நிஜமான தொழிலாளி. எனோலா மட்டும்தான் நடுவில் செருகப்பட்டவர்.

கேட் பயன்படுத்திய பெயர்களில் எது அசல் என்ற குழப்பம் அவர் இறந்த பிறகும் விடவில்லை. பழைய பதிவுகளில் வாரன், கிட்டி, கே என்று பலவிதமாக இருக்கிறார். கிரேஸ்லேண்டில் அவர் கல்லறைக் கல்லில்கூடப் பெயரின் கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது.